ஓடையின் வளைவைத் திரும்பத் தோண்டினோம்

1. பொக்லைன் வந்த நாள்

அரியலூரில் ஓவர்சியராகச் சேர்ந்த மூன்றாவது மாதம், டவுன் ஓடையைத் தூர்வாரும் வேலை என்னிடம் வந்தது. தொண்ணூறுகளின் கடைசி அது. ஜெயங்கொண்டத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். அதற்கு முன் நான் பார்த்த வேலையெல்லாம் தெருச் சாக்கடை, பள்ளிக்கூடச் சுற்றுச்சுவர், சின்னப் பாலம். ஓடை வேலை புதிது.

ஏரி நிரம்பினால் வழியும் தண்ணீர் டவுனுக்குள் புகுந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறமாகப் போய், ஊருக்கு வெளியே ஆற்றில் சேரும். அதுதான் அந்த ஓடை. நான் பார்த்தபோது ஓடையில் தண்ணீரைவிடச் சீமைக்கருவேல முள்ளும் பிளாஸ்டிக் பையும்தான் அதிகம். பாலத்தைக் கடக்கும்போது பஸ்ஸில் இருக்கும் பெண்கள் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வார்கள்.

எஸ்டிமேட்டில் மூன்று வேலைகள். முள்ளை அகற்றுவது, மண்ணை அள்ளுவது, வளைந்து வளைந்து போகும் இடங்களை நேராக்குவது. வளைவில்லாமல் நேராக ஓடினால் தண்ணீர் சீக்கிரம் வெளியேறும் என்பது கணக்கு. எனக்கும் அது சரியாகவே பட்டது.

பொக்லைன் இறங்கிய அன்று, கரையோரம் கீரைப்பாத்தி வைத்திருந்த அஞ்சலை என்ற பெண் நேராக மெஷினுக்கு முன்னால் வந்து நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கையில் களைக்கொத்து.

"ஓவர்சியரம்மா, முள்ள வெட்டுங்க, நல்லதுதான். கோரையவும் நொச்சியவும் எதுக்கு வேரோட நோண்டுறீங்க? அத நோண்டிட்டா கரை எதுலம்மா நிக்கும்?"

"எஸ்டிமேட்ல கிளியர் பண்ணச் சொல்லியிருக்குங்க அக்கா."

"எஸ்டிமேட் போட்டவரு மழைக்கு இங்க வந்து பாத்தாரா?"

எனக்கு எரிச்சல் வந்தது. ஆபரேட்டரிடம் ஓட்டச் சொல்லிவிட்டேன். பத்து நாளில் வேலை முடிந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ஓடை நேராகக் கிடந்தது. நான் அதை போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

2. கரை சரிந்தது

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலை நான் சைட்டுக்குப் போனபோது, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பக்கக் கரையையே காணவில்லை. நேரான ஓடையில் தண்ணீர் வேகம் பிடித்து, பிடிமானமில்லாத மண்ணை அறுத்துக்கொண்டு போயிருந்தது. அஞ்சலையின் பாத்தியில் பாதியும், அவர் வீட்டுப் பின்புறச் சமையல் கொட்டகையும் ஓடைக்குள் கிடந்தன. கொட்டகையில் அப்போது யாரும் இல்லை. கரை சரிவதற்குக் கால்மணி நேரம் முன்னால்தான் அவர் உலையை இறக்கிக்கொண்டு வீட்டுக்குள் போயிருந்தாராம்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பரவாயில்லை. சேற்றிலிருந்து ஒரு குண்டானை எடுத்து உதறியபடி, "வாய்க்காலுக்கும் ஓடைக்கும் வித்தியாசம் தெரியாம வேல பாத்துட்டீங்க" என்றார். அவ்வளவுதான்.

எங்கள் ஏ.இ., அதாவது உதவிப் பொறியாளர், கறாரானவர். அவர் மேஜை முன்னால் போய் நின்றேன்.

"ரெண்டு பக்கமும் காங்கிரீட் சுவர் வச்சுருவோம்மா. புது எஸ்டிமேட் போடு" என்றார்.

"சார், நேராக்கினதுதான் தப்பு. சுவர் வச்சா இன்னும் வேகமாப் போயி, கீழ இருக்கிற தெருவுல ஏறும். பழைய வளைவத் திரும்பக் கொண்டாரணும். கரையச் சரிவா வெட்டி, கோரை, வெட்டிவேர் வைக்கணும்."

"நீ வெட்டுன ஓடைய நீயே தப்புங்கிறியா?"

"ஆமாங்க சார்."

"அத உன் கையெழுத்துல எழுதிக் குடுப்பியா?"

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். கரையில் இருப்பவர்கள் முன்கூட்டியே எச்சரித்தும் நான் கேட்கவில்லை என்பதையும் சேர்த்தே எழுதினேன். மெமோ வரும், இன்க்ரிமென்ட் நிற்கும் என்று வீட்டில் சொல்லி வைத்தேன். என் கணவர் டீ போட்டுக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து அந்தக் கடிதம் மேலே போனது. அடியில் ஏ.இ. தன் கைப்பட ஒரு வரி சேர்த்திருந்தார்: 'இப்பணிக்கு ஒப்புதல் அளித்தவன் நானே.' எனக்கு வந்தது ஒரு எச்சரிக்கைக் கடிதம் மட்டும். அவருக்கும் ஒன்று வந்ததாக டைப்பிஸ்ட் சொல்லித்தான் தெரியும்.

3. பாத்தி மேல் போன வளைவு

பழைய வளைவு எங்கே இருந்தது என்பதற்கு ஆபீஸில் சரியான வரைபடம் இல்லை. மட்டம் பார்க்கும் டம்பி லெவல் கருவியை வைத்துப் பார்த்தால் மேடு பள்ளம் தெரியும். ஓடை எந்த வழியில் போயிற்று என்பது தெரியாது. கூச்சத்தை விட்டு அஞ்சலையிடம் போனேன்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரையில் நடந்தார். ஈரம் எங்கே நிற்கிறது, மண் எங்கே கறுப்பாக இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துக் குச்சி நட்டார். நான் பின்னாலேயே போய்ச் சுண்ணாம்பு போட்டேன். கடைசிக் குச்சி நட்டதும் திரும்பிப் பார்த்தேன். சுண்ணாம்புக் கோடு, மிச்சமிருந்த அவருடைய பாத்தியின் நடுவே போயிருந்தது.

"அக்கா, உங்க பாத்தி மேலயே போகுதே?"

"எனக்குத் தெரியாதா? ஓடை போன எடத்துலதானே எங்க மாமனார் பாத்தி போட்டாரு. மண்ணு நல்லாருக்கும்னு. நான் மட்டும் பொய் சொல்லிட்டு, அடுத்த மழைக்கு எவ வூட்டயாவது இடிய வுடவா?"

அன்று நான் அவருக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். சரிவுக்கு மேலே ஓடை விளிம்பை ஒட்டி ஒரு மேடை விடுவோம், பாத்தி அங்கே இருக்கட்டும் என்று. அதை எஸ்டிமேட்டிலேயே எழுதி ஒப்புதல் வாங்கினேன்.

பணம் வந்து வேலை தொடங்க ஒரு வருஷம் ஓடிவிட்டது. இந்த முறை பொக்லைனுக்கு வேலை நான்கே நாள்தான். மருதையாற்றுக் கரையிலிருந்து நொச்சிக் குச்சி வெட்டி வந்து, அஞ்சலையும் அவர் தெருப் பெண்கள் பன்னிரண்டு பேரும் கூலிக்கு நட்டார்கள். மூன்று வளைவுகள் திரும்பி வந்தன.

4. மெஸ்ஸில் கீரைப் பொரியல்

வளைவு வந்தாலும் தண்ணீர் நாற்றம் போகவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்த ஒரு லாட்ஜின் கழிவுக்குழாய் நேராக ஓடைக்குள் திறந்திருந்தது. அந்த வரிசையில் இன்னும் ஏழு குழாய்கள். லாட்ஜ்காரர் தங்கவேலுக்கு மூன்று நோட்டீஸ் கொடுத்தாயிற்று.

"எல்லாருந்தான் வுடுறாங்க, என்னய மட்டும் கேக்குறீங்களே மேடம்" என்பார். உட்கார வைத்து டீயும் கொடுப்பார்.

ஒரு நாள் மதியம் லாட்ஜின் கீழே இருந்த மெஸ்ஸில் நான் அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது அஞ்சலை கீரைக்கூடையோடு வந்தார். அந்த மெஸ்ஸுக்கு அவர்தான் வழக்கமாகக் கீரை போடுவார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தங்கவேல் வாழையிலை முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அரைக்கீரை எப்புடி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. ஏன்?"

"ஒண்ணுமில்லண்ணே. கரையில நோண்டுன ஊத்துத் தண்ணிதான் பாய்ச்சுறேன். உங்க குழாயிக்கு நேரா பத்தடி தள்ளித்தான் ஊத்து. அதான் கேட்டேன்."

தங்கவேல் பொரியலைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். இலையை மெல்ல மடித்தார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மறு வாரமே லாட்ஜுக்குப் பின்னால் செப்டிக் டேங்க்குக்குக் குழி வெட்டத் தொடங்கினார்கள். பெரிய லாட்ஜே மாறிய பிறகு மற்ற குழாய்க்காரர்களிடம் பேசுவது சுலபமானது. ஏழில் ஐந்து அடைபட்டன. மிச்சம் இரண்டை என்னால் கடைசிவரை அடைக்க முடியவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

5. இன்ஸ்பெக்ஷன்

அடுத்த ஐப்பசி மழைக்கு நான் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டேன். தண்ணீர் வளைவுகளில் சுற்றி, சரிவில் ஏறி, கோரையை மடக்கிப் படுக்க வைத்து, இரண்டு நாளில் இறங்கியது. கரை நின்றது. அஞ்சலையின் மேடைப் பாத்தியில் கடைசி வரிசை மட்டும் நனைந்தது. அன்று அவர் வீட்டில் எனக்குச் சாப்பாடு.

கோரை அடர்ந்ததும் தாழைக்கோழி வந்தது. மடையான் கொக்குகள் காலையில் வரிசையாக நின்றன. மாசி மாதம் ஏ.இ. இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தார். இரண்டாவது வளைவில் நின்று கோபமாகக் கேட்டார்.

"இந்த எடம் மட்டும் ஏன் செங்குத்தா இருக்கு? ஸ்லோப் வெட்டலயா?"

"மழை விட்டதும் வெட்டத்தான் சார் இருந்தோம். அதுக்குள்ள இது வந்துருச்சு, அந்த ஓட்டையப் பாருங்க."

கரையில் கைமுஷ்டி அளவில் ஒரு வளை. சற்று நேரத்தில் நீலச் சிறகோடு ஒரு மீன்கொத்தி வாயில் மீனுடன் வந்து உள்ளே நுழைந்தது. உள்ளே குஞ்சுகளின் கிறீச் சத்தம். ஏ.இ. குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். அது வெளியே போய் இன்னொரு முறை வரும்வரை நகரவில்லை. பிறகு நோட்டை வாங்கி எழுதினார்: 'இவ்விடத்தில் மேற்கொண்டு பணி தேவையில்லை.'

ஜீப்பில் ஏறும்போது, "கரை நல்லா கெட்டியாத்தான் இருக்கும்மா" என்றார். அவரிடமிருந்து நான் வாங்கிய ஒரே பாராட்டு அது.

2006இல் எனக்குப் பெரம்பலூருக்கு மாற்றல் வந்தது. இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். எஸ்டிமேட்டை ஆபீஸில் போடாதீர்கள். கரையில் இருப்பவர்களிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். தப்பு நடந்தால் அதை நீங்களே முதலில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு வேலை பார்ப்பது லேசாக இருக்கும்.

பெரம்பலூரிலும் முதலில் கிடைத்தது ஒரு ஓடைதான். முதல் நாள் டம்பி லெவலை வண்டியிலேயே வைத்துவிட்டுக் கரையோரம் நடந்தேன். ஒருவர் கல்லில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, மழைத்தண்ணி வந்தா இங்க எதுவரைக்கும் ஏறும்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இத்தன வருசத்துல ஒருத்தரும் இதக் கேட்டதில்லையே" என்றபடி, சோப்புக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார்.