நெய்வேலியில் மலை ஏது?

என் முதல் சிறுகதையை ஒரு சிற்றிதழுக்கு அனுப்பிய ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு அதன் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். குக்கரில் இரண்டாவது விசில். அடுப்பை அணைத்துவிட்டு நின்றபடியே பேசினேன்.

"கதை நல்லாருக்கு மேடம். போடறோம்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"ஒரே ஒரு சிக்கல். ஜன்னலைத் திறந்தா மலை தெரியுதுன்னு எழுதியிருக்கீங்க. நெய்வேலியில மலை ஏது? நான் தேனிக்காரன். மலைன்னா எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை இதழ் அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள மலையை எடுத்துருங்க. இல்லைன்னா ஊரை மாத்துங்க."

மலையை எடுத்தால் கதையில் ஜன்னல் மட்டும்தான் மிஞ்சும். கல்யாணமாகிக் குவார்ட்டர்ஸுக்கு வந்த ஒருத்தி பிறந்த வீட்டுக்கே திரும்பிவிடப் பெட்டி கட்டுகிறாள், மழை விட்ட காலையில் ஜன்னலைத் திறந்து பச்சை மலையைப் பார்க்கிறாள், பெட்டியைப் பிரிக்கிறாள். கதை அவ்வளவுதான். அதைவிடப் பெரிய பயம், அவர் சொன்னது சரியாக இருந்துவிட்டால்? இருபத்திரண்டு வருட டைரியில் மழை நின்ற நேரத்தைக்கூட நான் மாற்றி எழுதியதில்லை. என் பெயர் போட்டு வரும் முதல் கதையிலா பொய் எழுதுவது?

முதல் ஷிப்ட் முடிந்து வந்த கணவரிடம் சொன்னேன். நிலக்கரிச் சுரங்கத்தில் லிக்னைட்டுக்கு மேலே கிடக்கும் மண்ணை வெட்டி, ஓரமாகக் கொட்டிக் குவிக்கும் இயந்திரத்தில் அவருக்கு வேலை.

"அவுரு சரியாத்தான சொல்லிக்கினு இருக்காரு. அது நாங்க கொட்டுன மண்ணு, டம்ப்பு."

"ஊரே மலைன்னுதானே சொல்லுது?"

"ஊரு சொல்லும். மலைன்னா கீழயிருந்து மேல வரணும். இது மேலயிருந்து கொட்டுனது."

"மேலேருந்து கொட்டினா பொய்யா? அப்ப மழையும் பொய்தானே?"

"மழைய நான் கொட்டலியே," என்று சாம்பாரை ஊற்றிக்கொண்டார்.

சாப்பாட்டுக்குப் பின் டைரிகளைத் தரையில் வரிசையாக அடுக்கினேன். முதல் வருடம்: 'வடக்கே மண்மேடு. புழுதி. துணிகளை மறுபடி அலசினேன்.' பிறகு, 'மேட்டில் புல்.' பிறகு, 'மேட்டில் மரக்கன்று நடுகிறார்கள்.' இன்னும் சில டைரிகள் தள்ளி, 'மேட்டிலிருந்து மயில் சத்தம்.' அதற்கு மூன்று பக்கம் தள்ளி: 'காலை 6.10. மலைமேல் மேகம்.'

அதற்குப் பிறகு எங்குமே மேடு இல்லை. மலைதான். அந்தச் சொல்லில் அடித்தலோ திருத்தலோ இல்லை. என் கையெழுத்தில் ஒரு மலை பிறந்திருக்கிறது, எனக்கே தெரியவில்லை! எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று சுற்றினேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

புதன் மாலை நான்கு மணிக்கு அவரை ஸ்கூட்டரில் கிளப்பிக்கொண்டு மலையடிச் சாலைக்குப் போனேன். முதல்நாள் மழையில் சரிவெங்கும் சிறு வாய்க்கால்கள் விழுந்திருந்தன. மேலே அடர்ந்த மரங்கள். சாலையோரம் கிடந்த ஒரு கறுப்புத் துண்டை அவர் எடுத்துத் தந்தார். அதில் மரத்தின் ரேகைகள் அப்படியே இருந்தன.

"லிக்னைட்டு. இதுவும் மரந்தான். மண்ணுக்குள்ள எத்தினியோ காலம் கெடந்த காடு."

அடியில் ஒரு காடு. அதன் தலைமேல் கிடந்த மண், இப்போது மேகத்துக்குப் பக்கத்தில். அதன்மேல் இன்னொரு காடு. சட்டென்று அவர் தோளில் தட்டினேன்.

"ஏங்க! இந்த மண்ணு எங்கேருந்து வந்தது?"

"பள்ளத்துலேருந்து."

"கீழயிருந்து மேல வந்தாத்தான் மலைன்னு நேத்து சொன்னது யாரு?"

அவர் மலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்," என்றார்.

வியாழன் காலை ஆசிரியரை அழைத்தேன். "சார், மலை இருக்கு. எங்க வீட்டுக்காரர் கொட்டினது."

"என்னது?"

மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "இதை ஏன் மேடம் கதையில எழுதலை?"

எங்கள் ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை, அதனால்தான் எழுதவில்லை.

"ஒரு வரி சேருங்க. மலை இருக்கட்டும்."

'அவள் கணவன் கொட்டிய மலை ஜன்னலில் தெரிந்தது' என்று எழுதினேன். தோளுக்குப் பின்னாலிருந்து படித்தவர் பதறினார். "ஏம்மா, நான் ஒருத்தனா கொட்டுனேன்? மத்த ஷிப்ட் ஆளுங்க படிச்சா என்னா நெனைப்பாங்க?"

நியாயம். 'அவள் கணவனும் மற்றவர்களும் மூன்று ஷிப்டாகக் கொட்டிய மலை' என்று மாற்றினேன். வரியின் ஓசை கெட்டது, போகட்டும். மாலை 5.35க்கு அனுப்பினேன். 5.52க்குப் பதில் வந்தது: 'அச்சுக்குப் போகிறது.'

கூடத்தில் அவர் அதற்குள் தன் ஷிப்ட் நண்பருக்குப் போன் போட்டிருந்தார்.

"நம்ம இது பொஸ்தகத்துல வருதுப்பா... ஆமா... டம்ப்புன்னு சொல்லாதப்பா. மலை, மலை!"