துணைக்கு வந்த பிள்ளை

ஒரு பெண் செய்த வேலையை என் வேலையாகக் காட்டித்தான் நான் பார்ட்னர் ஆனேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் வயதை எல்லாம் தாண்டிவிட்டேன்.

நான் கம்பத்துக்காரன். விவசாயப் பொறியியல் படித்தவன். பம்புசெட் கம்பெனி ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டு, 1996இல், நாற்பத்தெட்டு வயதில், சென்னையில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தேன். ஆலைகளுக்கும் சங்கங்களுக்கும் எதைக் கட்டலாம், எதைக் கட்டக் கூடாது, நஷ்டம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்து சொல்வது வேலை. அங்கிருந்த பார்ட்னர்களில் பாதிப் பேர் என்னைவிடப் பத்து வயது இளையவர்கள். நான் அவர்களை சார் என்பேன். அவர்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயதுக்கு மேல் யாரையும் பார்ட்னராக எடுப்பதில்லை என்று ஒரு வழக்கம் இருந்தது. அதற்குள் தானே ஒரு வேலையைப் பிடித்து, முன்னின்று முடித்துக் காட்ட வேண்டும்.

பிடித்தேன். எங்கள் ஊர்த் திராட்சை விவசாயிகள் சங்கம் குளிர்பதனக் கிடங்கு ஒன்று கட்ட நினைத்தது. கேரளாவில் விலை விழும்போது பழத்தை வைத்திருந்து விற்கலாம் என்பது அவர்கள் எண்ணம். சங்கத் தலைவர் எனக்கு மாமா முறை. திராட்சைப் பந்தலுக்கு அடியில் குனிந்தே நடந்து பழகி, கூரை உயர்ந்த இடத்திலும் சற்றுக் குனிந்தே நிற்பவர்.

தோட்டங்களை நான் பார்த்துக்கொண்டேன். கேரளச் சந்தைகளைப் பார்க்க அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். பழனிசெட்டிபட்டிக்காரர், இருபத்தேழு வயது. அவருடைய அப்பா ஏலக்காய் வியாபாரி என்பதால் மலையாளம் நன்றாகப் பேசுவார். திராட்சை ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் ஜீப்பில் குமுளி மலையேறி, சந்தை சந்தையாக நின்று, பெட்டிகளைப் பிரிக்கும்போது கூடவே இருந்து பார்த்தார். திரும்பி வந்ததும் என்னிடம் சொன்ன முதல் பேச்சே, "சார், கிடங்கு வேண்டாம்" என்பதுதான்.

"என்னம்மா சொல்ற? கிடங்கு கட்டத்தான நம்மளக் கூப்பிட்டிருக்காக."

"பன்னீர் திராட்சை சார். குளிர்ல வச்சு எடுத்தம்னா கொத்தைத் தொட்டாலே பழம் உதிர்ந்துரும். வியாபாரிக விலையக் குறைக்கிறது பழம் பழசானதுக்கு இல்ல, அடியில இருக்கிறது நசுங்கிப் போறதுக்கு."

மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் மேல் பெட்டியின் பாரம் கீழ்ப் பெட்டிப் பழத்தின்மேல் இறங்கியது. ஒன்றின் விளிம்பு மற்றதன் விளிம்பில் உட்காரும் கெட்டியான சிறிய பெட்டிகளும், பழத்தைத் தரம் பிரித்து அடுக்க நிழலான ஒரு கொட்டகையும் போதும் என்றார். நான் தோட்டத்துப் பக்கம் சரிபார்த்தேன். அவர் சொன்னது முழுக்கச் சரி. கிடங்கு இல்லை என்றால் அதை வடிவமைக்கும் வேலையும் எங்கள் நிறுவனத்துக்கு இல்லை. அது தெரிந்தும் அதையே சொல்வது என்று முடிவு செய்தோம். அந்த முடிவைப் பற்றி இன்றும் எனக்குப் பெருமை உண்டு.

கம்பத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டம். என்னை எடைபோடவே நிர்வாகப் பங்குதாரர் சென்னையிலிருந்து வந்திருந்தார். சந்தை நிலவரத்தை முதலில் அந்தப் பெண் பேசுவது, பிறகு நான் பேசுவது என்று ஏற்பாடு. வாசலில் மாமா நின்றார்.

"வாங்க மாப்ள. மெட்ராஸ்காரவுகளும் வந்துட்டாகளா, நல்லது. இந்தப் பிள்ள யாரு, மகளா?"

"மகளுக்கு எங்க மாமா போக, எனக்கு ரெண்டும் பயலுகதான! இது பழனிசெட்டிபட்டிப் பிள்ள. துணைக்குக் கூட்டியாந்தேன்."

"ஏத்தா, பொம்பளைக எல்லாம் அங்கன இருக்காக, போயி உக்காரு. வடை சூடா இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நிர்வாகப் பங்குதாரரும் சிரித்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லாமல் மேடைக்குப் போய் மைக்கைப் பிடித்தேன்.

சின்னப் பெண் பேசினால் விவசாயிகள் கேட்க மாட்டார்கள், அதனால்தான் என்று பிறகு என் மனைவியிடம் சொன்னேன். அது பொய். என்னை எடைபோட வந்தவர் முன்னால், அன்றைக்குச் சொல்ல வேண்டியதில் சிறந்த விஷயம் இன்னொருவர் வாயிலிருந்து வருவதை என்னால் தாங்க முடியவில்லை. அவ்வளவுதான்.

"கிடங்கு வேண்டாம்னு சொல்றதுக்கா இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்று ஒருவன் கத்தினான். மண்டபமே சிரித்தது. நான் மலை வளைவுகளைப் பற்றியும், சந்தையில் பிரித்த பெட்டியின் அடியில் சாறு ஒழுகியதைப் பற்றியும் நேரில் பார்த்தவன் போலப் பேசினேன். "ஏலே, சும்மா இருங்கடா, அவரு சரியாத்தான் சொல்றாரு" என்று பின்வரிசையில் ஒரு குரல் எழுந்தது. நன்றாகத்தான் பேசினேன். அதையும் மறைக்க மாட்டேன்.

திரும்பும்போது காரில் நிர்வாகப் பங்குதாரர் என்னைப் புகழ்ந்துகொண்டே வந்தார். பின்னாலிருந்து அந்தப் பெண், "தேனி பஸ் ஸ்டாண்டுல என்னைய இறக்கி விட்டுருங்க சார். துணைக்கு வந்த வேலை முடிஞ்சிருச்சுல்ல" என்றார்.

அந்த ஆண்டே பார்ட்னர் ஆனேன். எங்கள் பக்கத்திலிருந்து அந்த நிறுவனத்தில் அப்படி முதலில் உயர்ந்தவன் நான்தான். சங்கம் கொட்டகை போட்டது, பெட்டிகளை மாற்றியது, பழம் நசுங்காமல் மலை ஏறியது. பக்கத்து ஊர்க்காரர்கள் வந்து பார்த்துப் போனார்கள். ஊருக்குப் போனால் மாமா என் கையைப் பிடித்து அழைத்துப் போய்க் கொட்டகையைக் காட்டுவார். பெருமையாக இருக்கும்; யாருடைய யோசனை என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

2009இல் அந்தப் பெண்ணைப் பார்ட்னராக எடுப்பது பற்றிப் பேச்சு வந்தது. ஒருவர் மறுத்தார். "தனியா ஒரு வேலையை எடுத்துச் செஞ்சு காட்டினதே இல்லையே. கம்பம் வேலைகூட இவரோடதுதானே" என்று என்னைக் காட்டினார். நான் எடுத்துக்கொண்டது இப்போது அந்தப் பெண்ணின் கணக்கில் குறையாக நின்றது. நடந்ததை அங்கேயே சொன்னேன்.

"அப்ப உங்களை எதை வச்சு எடுத்தோம்?" என்றார் நிர்வாகப் பங்குதாரர்.

"அதை வச்சுத்தான்" என்றேன்.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். உண்மைதான் என்றார். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, "யாரும் கேக்கலையே சார்" என்றார்.

அன்று எதுவும் முடிவாகவில்லை. என் காலம் முடிய இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே நான் விலகிக்கொண்டேன். இருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. மறு ஆண்டு அவர் பார்ட்னர் ஆனார். நான் உண்மையைச் சொன்னதால் ஆனார் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால், தேனிப் பக்கத்து நூற்பாலைகளின் வேலையைத் தாமே பிடித்து, முடித்துக் காட்டித்தான் ஆனார்.

வாழ்த்துச் சொல்லப் போன் செய்தேன். மன்னிப்பும் கேட்டேன்.

"மன்னிச்சிட்டேன்னு சொன்னா உங்களுக்கு நல்லா இருக்கும் சார். எனக்கு அதுல என்ன இருக்கு?" என்றார். பிறகு, "உடம்பு நல்லா இருக்கா? சுகர் பாத்தீகளா?" என்று கேட்டார். ஒரு கூட்டம் இருப்பதாகச் சொன்னார்.

"சரிங்க, பாருங்க" என்று வைத்துவிட்டேன்.

அவர் என்னைக் கூப்பிட்டதில்லை. நானும் தொந்தரவு செய்வதில்லை. ஊரில் யாராவது அவரைப் பற்றிப் பேசினால், அவரோடு நானும் வேலை பார்த்திருக்கிறேன் என்று சொல்கிறேன். கொஞ்சம் உரக்கவே சொல்கிறேன்.