ஒரு வீட்டுக்கு மட்டும் போன கடிதங்கள்

சிறப்புக் கல்வி வகுப்பைப் பதினெட்டு வருடமாக நடத்திவரும் அந்த ஆசிரியைக்குப் பள்ளியில் மிளகாய் டீச்சர் என்று பெயர். காதில் விழுந்தாலும் அவர் கண்டுகொள்வதில்லை.

அந்த வருடம் அவருடைய கோபமெல்லாம் ஒரு லிஃப்ட் மெக்கானிக் மேல். மனைவியை விவாகரத்து செய்து மூன்று வருடமானவன். டீச்சரின் வகுப்பில் படிக்கும் அவனுடைய எட்டு வயது மகளுக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேச வராது. பேச்சுப் பயிற்சி தொடங்க அப்பா, அம்மா இருவர் கையெழுத்தும் வேண்டும். அம்மா போட்டுவிட்டாள். மூன்று கூட்டம் வைத்தும் அப்பா எட்டிப் பார்க்கவில்லை. பிள்ளை என்று ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துவிட்டது என்று அம்மா சொன்னதை டீச்சர் அப்படியே நம்பினார். ஐந்து மாதம் வீணாய்ப் போனது.

பொறுக்கமாட்டாமல் ஒரு மதியம் அவன் வேலை செய்யும் கட்டடத்துக்கே போனார். கையெல்லாம் கிரீஸோடு உட்கார்ந்திருந்தவனை, ஆட்கள் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் பிடிபிடியென்று பிடித்தார். அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் அவன் வாயைத் திறந்தான்.

"எனக்கு ஒரு லெட்டர்கூட வரல டீச்சர். ஸ்கூல் ஆபீஸ்ல ரெண்டு தடவை அட்ரஸ் எழுதிக் குடுத்தேன். அம்மாவுக்குத்தான் அனுப்புவோம்னுட்டாங்க."

நேரே பள்ளி அலுவலகத்துக்கு வந்து அந்தப் பிள்ளையின் கோப்பைப் பிரித்தார். அவன் எழுதிக் கொடுத்த இரண்டு சீட்டும் குத்தியபடியே இருந்தன. பிரிந்துபோன குடும்பத்துக்கெல்லாம் இரண்டிரண்டாக அனுப்பிக்கொண்டிருக்க முடியுமா என்றார் எழுத்தர், தலையைத் தூக்காமல்.

"கையெழுத்து மட்டும் ரெண்டு வேணும். லெட்டர் ஒண்ணு போதுமா?"

அன்றே கூட்டத்துக்கு அழைத்து இருவருக்கும் ஒரே கடிதத்தை டீச்சர் தன் கையால் எழுதி அனுப்பினார். கூட்டத்தில் அம்மா பழைய கதையை எடுத்தாள். உங்கள் வழக்கு இங்கே நடக்கவில்லை என்று டீச்சர் வெட்டினார். பிறகு மகள் யாரிடம் எப்படிப் பேசுகிறாள் என்று இருவரையும் தனித்தனியே கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை என்கிட்ட வரும்போது ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர்னு பேர் சொல்லிச் சொல்லி எடுத்துத் தருவா," என்றான் அப்பா.

அம்மா அப்போதுதான் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அது அவளுக்குத் தெரியாது.

பயிற்சிக்கு இருவரும் கையெழுத்திட்டார்கள். மகளுக்கு இனி தனி வகுப்பா, பொது வகுப்பா என்பதில் ஒத்துப்போகவில்லை. அரையாண்டுக்குப் பிறகு மறுபடி உட்காருவதாக முடிவாயிற்று. மாடிப்படியில் டீச்சர் அவனிடம் மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லை என்று அவன் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

நிர்வாகத்துக்கு நான்கு முறை எழுதியபின், கடிதங்கள் இரண்டு வீட்டுக்கும் போகத் தொடங்கின. அந்த ஐந்து மாதத்துக்கு மட்டும் யாரும் பதில் சொல்லவில்லை. டீச்சருக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. விசாரிக்காமல் நம்பிய தன் மேலும்தான்.