மூக்கு நீண்ட வண்டி

சித்தப்பா சைகோனிலிருந்து திரும்பி வந்த அன்று சித்திக்கு அவரை அடையாளம் தெரியவில்லை என்று அம்மா சொல்லுவாள். இதில் சித்தியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணமான மறுமாதமே பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாகக் கப்பல் ஏறிப் போன மனிதர். சிப்பாயை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். போகும்போது இருந்த மீசை வரும்போது இல்லை. ஒல்லியாகப் போனவர் தோள் அகன்று வந்திருந்தார். யாரோ விருந்தாளி என்று நினைத்துச் சித்தி கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாளாம். அம்மா சொல்லித்தான் யாரென்று தெரிந்ததாம். தெரிந்த பிறகும் ஒதுங்கியேதான் நின்றாள்.

எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. பெரியவர்கள் முன்னால் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அப்பா சித்திக்கு மூத்தார், புருஷனுடைய அண்ணன். அவர் கூடத்தில் இருந்தால் சித்தி அந்தப் பக்கமே வரமாட்டாள். அப்பாவோ எப்போது பார்த்தாலும் கூடத்தில்தான் இருந்தார். அறைக்குள் பேசிக்கொள்ளலாமே என்றால், எங்கள் வீட்டு உள்சுவர்கள் கூரையைத் தொடாதவை. ஒருவர் இருமினால் எல்லோருக்கும் கேட்கும். ஆகவே சித்திக்கும் சித்தப்பாவுக்கும் நடுவில் எல்லாச் செய்திக்கும் நான்தான் ஓடினேன். "எண்ண காய வெச்சிருக்குதாம், குளிக்க வருவீங்களாம்" என்று கொண்டு போவேன். "வரேன்னு சொல்லு" என்று கொண்டு வருவேன். எனக்கு ஏழு வயது. இந்த வீடே என் தலைமேல்தான் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் பிரெஞ்சு எல்லை, இந்திய எல்லை என்ற தொல்லை ஒழிந்து, சுங்கச் சாவடிகள் ஆளில்லாமல் கிடந்தன. இனி வெல்லத்தை எந்தச் சந்தைக்கும் பயமில்லாமல் கொண்டு போகலாம் என்று அப்பா, தென்பெண்ணைக்கு அக்கரையில் இருந்த எங்கள் படுகை முழுவதும் கரும்பு நட்டுவிட்டார். கரும்பு அக்கரையில், காய்ச்சுகிற கொப்பரை இக்கரையில், குருவிநத்தத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால். நடுவில் மணல். கோடையில் தண்ணீர் ஒரு ஓரமாகத்தான் ஓடும். ஆனால் அந்த மணலில் பாரவண்டி அச்சுவரை இறங்கிவிடும். மாடுகள் நுரை தள்ளிக்கொண்டு நின்றுவிடும்.

சித்தப்பா மதராசுக்குப் போய், சண்டைக்காலத்து லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்து ஓட்டிக்கொண்டு வந்தார். பட்டாளத்துப் பச்சை வெளுத்துப் போயிருந்தது. கதவு கிடையாது. ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. மற்ற லாரிகளுக்குப் பின்சக்கரம் மட்டும்தான் தள்ளும். இதற்கு முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். காலடியில் முளைத்திருந்த ஒரு குட்டிக் கம்பியைச் சித்தப்பா வெடுக்கென்று இழுத்தால், நாலு சக்கரமும் ஒரே மனதாக மணலில் நடக்கும். ஊரே வந்து பார்த்தது.

மதியம் அக்கரையில் கரும்பு வெட்டுகிறவர்களுக்குக் கஞ்சி போக வேண்டும். "பான சாயாம புடிச்சிக்க ஒரு ஆள் வேணும். அவ போவட்டுமே" என்று சித்தி இருந்த பக்கம் கை காட்டினாள் அம்மா. அப்பா வெகுநேரம் யோசித்தார். பிறகு, "கொழந்தயும் கூடப் போவட்டும்" என்றார். அப்படித்தான் லாரியில் மூன்று பேரானோம். இடப்பக்கம் சித்தப்பா, வலப்பக்கம் சித்தி, நடுவில் நான். வண்டியை வாங்கியதே என்னை ஏற்றிக்கொண்டு போகத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

சாயங்காலம் கரும்போடு திரும்புகிற அந்தப் பயணங்கள் இன்றைக்கும் என் தூக்கத்தில் வருகின்றன. வெயில் தணிந்து ஆற்று மணல் மஞ்சளாகக் கிடக்கும். முன்கண்ணாடியை மடக்கிவிட்டிருப்பதால் காற்று நேராக முகத்தில் வரும். பின்னால் தோகை உரசிக்கொண்டே வரும். எஞ்சின் சூடு வெதுவெதுவென்று பாதத்தில் ஏறும். வண்டி ஆடுகிற ஆட்டத்தில் என் தலை ஒருமுறை சித்தியிடம் சாயும், ஒருமுறை சித்தப்பாவிடம் சாயும். அந்தத் தலைக்கு மேலேதான் அவர்கள் பேசிக்கொள்வார்கள்.

"அங்க மழ நம்மூரு மாரியே பேயுமா?" என்று சித்தி கேட்பாள்.

"நம்மூர விட மெதுவாத்தான் பேயும். ஆனா நிக்காது."

சித்தி அதற்குச் சிரிப்பாள். சிரிக்க இதில் என்ன இருக்கிறது என்று யோசிப்பதற்குள் நான் தூங்கிவிடுவேன். தூக்கத்தில் சைகோனும் எங்கள் படுகையும் ஒன்றாகிவிடும். நிற்காத மழையில் சொல்தாக்கள் வரிசையாக உட்கார்ந்து எங்கள் வீட்டுக் கஞ்சியைக் குடிப்பார்கள். சித்தி அவர்களுக்கு ஊற்றிக்கொண்டே போவாள். பானை குறையவே குறையாது. வண்டி வீட்டு வாசலில் நின்றதும் எஞ்சினோடு சேர்ந்து பேச்சும் நின்றுவிடும். அந்த அமைதியில்தான் எனக்கு விழிப்பு வரும். சித்தி இறங்கித் தலையைக் குனிந்துகொண்டு கொல்லைப்பக்கமாக உள்ளே போய்விடுவாள்.

மாசியில் கரும்பு பூத்துவிட்டது. பார்க்க அழகு. படுகை முழுக்க வெள்ளையாக அசைந்துகொண்டிருக்கும். ஆனால் பூத்த கரும்பை நாள் கடத்தினால் இனிப்பு இறங்கிவிடும். அப்பா வண்டியில் பாரத்தைக் கூட்டச் சொன்னார். கூட்டினால் இக்கரை மேட்டில் பாதி ஏறி வண்டி முனகிக்கொண்டு நின்றுவிட்டது. ஆட்கள் பாதிக் கரும்பை இறக்குவதும், மறுபடி ஏற்றுவதுமாகச் சாயங்காலங்கள் போயின. "சக்கரம் தேவல. மூச்சுதான் பத்தல. பெரிய எஞ்சின் ஒண்ணு வெச்சிட்டா எந்த மேடும் ஏறும்" என்றார் சித்தப்பா.

திருக்கனூர்ப் பக்கம் ஓடி ஓய்ந்துபோன பஸ் ஒன்றின் எஞ்சினை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வில்லியனூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். மூன்று பனங்கட்டைகளைக் கூம்பாக நிறுத்தி, கப்பி கட்டிச் சங்கிலி போட்டுப் பழைய எஞ்சினைத் தூக்கி வெளியே வைத்தார்கள். லாரியின் வாய் திறந்து கிடந்தது. பழையதற்கு நாலு சிலிண்டர், புதியதற்கு ஆறு. மெக்கானிக் ஒரு தென்னை ஈர்க்கை வைத்து இரண்டையும் அளந்து பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு சாண் நீளம் கூட இருக்குதுங்க. ரெண்டே வழிதான். ஒண்ணு, சீட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவுல இருக்குற தகட்ட வெட்டி எஞ்சின உள்ள தள்ளணும். அது ஒரு நாள் வேல. ஆனா பொகக்கொழா வலப்பக்கமா உள்ள வரும். டிரைவரத் தவிர யாரும் ஒக்கார முடியாது, வெந்துபூடும். இல்லன்னா மூக்க முன்னால நீட்டணும். வண்டிச் சட்டத்துக்கு ஒட்டுப் போட்டு, ரேடியேட்டர முன்னுக்கு நவுத்தி, மூடிய புதுசா அடிச்சி... நாளாவும்."

"வெட்டி உள்ள தள்ளு. கஞ்சிய மாட்டுவண்டில அனுப்பிக்கலாம்" என்றார் அப்பா. அவருக்கு அதில் யோசிக்க ஒன்றுமே இருக்கவில்லை.

எனக்கு இருந்தது. நான் ஓடிப்போய் லாரியில் ஏறி, சீட்டின் மேல் குறுக்கே படுத்துக்கொண்டு, என் இடத்தைத் தரமாட்டேன் என்று ஊர் கூடும்படி அழுதேன். அப்பா, "எறங்குடி" என்று அதட்டினார். அம்மா வந்து காலைப் பிடித்து இழுத்தாள். சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை. கொல்லைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதவுக்குப் பின்னால் சித்தியின் கால்கள் மட்டும் தெரிந்தன. மெட்டி போட்ட விரல்கள் தரையை இறுகப் பிடித்திருந்தன.

"உள்ள தள்ளுனா எஞ்சினுக்குக் காத்து பத்தாதுண்ணா. மூக்க நீட்டிடலாம்" என்றார் சித்தப்பா.

"கரும்பு பூத்துக் கெடக்குது."

"தெரியுதுண்ணா."

"தெரிஞ்சுமா சொல்ற?"

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. அப்பா சொன்னதற்கு அவர் எதிர் சொல்லி அதுவரை நான் பார்த்ததில்லை. என் அழுகைக்கு இவ்வளவு பலமா என்று எனக்கே வியப்பாக இருந்தது. ஒரு பட்டாளத்து லாரியின் மூக்கையே நீட்டவைத்தவள் நான் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்பா சித்தப்பாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார். எனக்கு வேலை இரட்டிப்பாயிற்று. "வண்டி இந்த வருசக் கரும்புக்கா, அடுத்த வருசக் கரும்புக்கான்னு ஒன் சித்தப்பன கேளு" என்பார். இரண்டடி தள்ளித்தான் சித்தப்பா லாரிக்கு அடியில் படுத்திருப்பார். நான் குனிந்து கேட்பேன். "இன்னும் ஒட்டு ஆறலன்னு சொல்லு" என்று பதில் வரும். கூலிக்குப் பிடித்த மாட்டுவண்டிகள் மணலில் இறங்கி இறங்கி, வெட்டின கரும்பு அக்கரையில் காய்ந்தது. காய்ச்சின வெல்லம் கறுத்துப்போய், அச்சில் கட்டி விழாமல் களிபோல ஒட்டிக்கொண்டு வந்தது. சித்தப்பா அதில் ஒரு விள்ளலை எடுத்து வாயில் போட்டுப் பார்த்தார். மறுபடி வண்டிக்கு அடியில் போய்விட்டார். அன்று அவர் சாப்பிட வரவில்லை. சித்தி என்னிடம் எந்தச் செய்தியும் கொடுத்தனுப்பவில்லை.

கடைசியில் வண்டி எழுந்து நின்றபோது பார்க்கச் சகிக்கவில்லை. முன்பக்கம் நீண்டு, பெருச்சாளி மோப்பம் பிடித்துக்கொண்டு வருவதுபோல இருந்தது. பிள்ளைகள் அப்படியே பெயரும் வைத்துவிட்டார்கள். அம்மா கற்பூரம் ஏற்றி, சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தாள். எஞ்சின் பிடித்ததும் கொட்டகையில் இருந்த மாடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்தன. அவ்வளவு சத்தம். கஞ்சிப் பானையோடு சித்தியும் நானும் எங்கள் இடத்தில் ஏறிக்கொண்டோம். அப்பா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலம் முழுப் பாரத்தோடு ஆற்றைக் கடந்தோம். குட்டிக் கம்பியை இழுக்காமலே வண்டி மணலில் தன் பாட்டுக்கு வந்தது. சூரியன் முதுகுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஓடுகிற ஓரத்தில் சக்கரம் பட்டதும் இரண்டு பக்கமும் நீர் விசிறி எழும்பி, பொன்னாகி, எங்கள் மேல் விழுந்தது. நான் பாதித் தூக்கத்தில் இருந்தேன். அந்த நீரும் கனவில்தான் தெறித்தது என்று நினைத்தேன்.

மேடு வந்தது. வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறியது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஈரமண்ணில் ஒரு சக்கரம் வழுக்கி, வண்டி பின்னால் வாங்கியது. எங்களுக்கு எதிரே வானம் மட்டும்தான் தெரிந்தது. அப்போது சித்தி ஒரு கையால் என்னை அணைத்துக்கொண்டு, மறு கையால் சித்தப்பாவின் தோளைப் பிடித்து, அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லமாட்டாள். சந்தையில் அதே பெயருள்ள ஒருவர் காய் விற்றால்கூட, "அந்த ஆளு" என்றுதான் சொல்வாள். என் தூக்கம் பறந்துவிட்டது.

சித்தப்பா குட்டிக் கம்பியை இழுத்தார். நாலு சக்கரமும் மண்ணைக் கவ்வின. வண்டி ஒரே மூச்சில் மேட்டின் மேல் வந்து நின்றது. சித்தி கையை எடுக்கவில்லை. எஞ்சினை அணைக்காமலே சித்தப்பா அவள் பக்கம் சாய்ந்து, "இன்னா சொன்ன? சத்தத்துல கேக்கல" என்றார். சித்தி மறுபடியும் சொன்னாள். "கேக்கல" என்றார். இன்னும் ஒருமுறை சொன்னாள். நடுவில் இருந்த எனக்கே தெளிவாகக் கேட்டது. அவருக்கு மட்டும் எப்படிக் கேட்காமல் போனது என்று தெரியவில்லை. பட்டாளத்தில் குண்டுச் சத்தத்தில் காது மந்தமாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வீடு வரும்வரை இரண்டு பேர் முகத்திலும் ஒரே மாதிரிச் சிரிப்பு இருந்தது.

இவ்வளவு பெரிய சேதியை வைத்துக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது? அப்பாவும் சித்தப்பாவும் ஒருவரையொருவர் பாராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "சித்தி இன்னைக்கு சித்தப்பாவப் பேரு சொல்லிக் கூப்ட்டாங்க. மூணு வாட்டி" என்றேன்.

அம்மா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். சித்தப்பாவின் கை இலையில் நின்றது. உள்ளே ஒரு வளையல் சத்தமும் இல்லை. அப்பா தன் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்தார்.

"மேட்டுல பின்னால வாங்குச்சா?" என்றார். அத்தனை நாளுக்குப் பிறகு நேராக அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

"கொஞ்சம் வாங்குச்சுண்ணா. ஏறிடுச்சு."

"பாத்து ஓட்டு" என்றார் அப்பா. இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நாளைலேர்ந்து நீ வண்டில போவ வேணாம். வூட்ல இருந்து பாடம் படி" என்றார்.

மறுநாள் மதியம் சித்தி கஞ்சிப் பானையோடு ஏறினாள். சித்தப்பா ஓட்டிக்கொண்டு போனார். நடுவில் யாரும் இல்லை. கோள் சொன்னதற்குத்தான் எனக்கு இந்தத் தண்டனை என்று முடிவுகட்டி, வாசல் மண்ணில் புரண்டு அழுதேன். எஞ்சினை உள்ளே தள்ளவும் இல்லை, சீட்டை எடுக்கவும் இல்லை. என் அழுகையால் மிச்சமான இடத்தில் எனக்கே இடமில்லையென்றால் என்ன நியாயம்? அப்பா கம்பத்தில் சாய்ந்துகொண்டு, ஆற்றுப் பக்கம் எழும்பிய புழுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து போய் அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தேன்.

"மூணு பேருக்கு எடம் இருக்குதேப்பா."

"இருக்குது. இருக்கட்டும்" என்றார் அப்பா.

இருக்கிற இடத்தில் ஒரு குழந்தையை உட்கார வைக்காமல் ஏன் காலியாக விடவேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. அப்பா அடிக்கவில்லை, திட்டவும் இல்லை; என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கொப்பரைப் பக்கம் போனார். அதுவும் எனக்குப் புரியவில்லை.