விற்ற போனுக்கு வந்த படங்கள்

கண்டியில் என் அலுவலகத்தில் யாருடைய போன் பழுதானாலும் என்னிடம்தான் யோசனை கேட்பார்கள். சென்ற மாதம் என் பழைய போனைத் பக்கத்து ஊரான திகனவில் உள்ள ஆசிரியை ஒருவருக்கு விற்றேன். இரண்டு வாரம் கழித்து அவர் அழைத்தார்.

“தம்பி, மகளுக்குக் காய்ச்சல் கொறஞ்சிட்டா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெளியாட்கள் யாருக்கும் அதை நாங்கள் சொல்லவில்லை.

“ஒங்களுக்கு எப்படிங்க டீச்சர் தெரியும்?”

“நீங்க எடுக்குற போட்டோ எல்லாம் இந்தப் போனுக்கு வருது. டாக்டர் எழுதின மருந்துத் துண்டும் வந்திச்சி. ஒங்கட ஈமெயில் கணக்கு இன்னும் இதுல இருக்கு, எடுத்துடுங்க.”

கணக்கை நீக்காமலே விற்றிருக்கிறேன். அடையாள அட்டை, மனைவி, பிள்ளை என்று எங்கள் வீடே படங்களாக அவர் கையில் இருந்திருக்கிறது. நான் இங்கிருந்தே அந்தக் கணக்கை நீக்கி முடிக்கும்வரை அவர் பொறுமையாக லைனில் இருந்தார். முன்பின் தெரியாத ஒருவரின் நேர்மையில்தான் என் குடும்பம் இரண்டு வாரம் பத்திரமாக இருந்திருக்கிறது.