பாதி காலி கேசட்

அந்தக் குழுவின் இரண்டாவது ஆல்பத்தை ஏழெட்டு வருஷம் நான் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன். கல்லூரி விடுதியில் திட்டினேன், வேலூர் பஸ்ஸில் திட்டினேன், ராக் இசை கிலோ என்ன விலை என்று கேட்கிறவர்களிடம்கூடத் திட்டினேன். குழுவின் பெயர் இங்கே வேண்டாம். தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும், தெரியாதவர்களுக்குப் பெயரால் ஆகப்போவது ஒன்றுமில்லை. முதல் ஆல்பத்தால் உலகமெங்கும் கொண்டாடப்பட்ட நான்கு வெளிநாட்டுப் பையன்கள், அதற்கு அடுத்ததாக மிகப் பெரிதாக எதையோ செய்யப் போய்க் குப்புற விழுந்தார்கள் என்பது எங்கள் வீட்டுத் தீர்ப்பு. தீர்ப்பை எழுதியவன் என் அண்ணன். ஒலி விஷயத்தில் அவன் சொன்னால் எனக்கு மறுபேச்சு கிடையாது.

ஆரணியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பவர்லூம் கொட்டகை இருந்தது. ஆறு தறி. அண்ணன் பத்தாவது முடித்த கையோடு அப்பா அவனை அங்கே நிறுத்திவிட்டார். பகலெல்லாம் தறி, சாயங்காலமானால் மைக் செட்காரரிடம் ஓடிவிடுவான். கல்யாணம், கூழ் ஊற்றுகிற திருவிழா, கட்சிக் கூட்டம் என்று எங்கே ஸ்பீக்கர் பெட்டி கட்டினாலும் ஒயர் பிடிக்க இவன் இருப்பான். அவனுக்கு இருந்தது ஒரே ஆசைதான். கொட்டகையை விட்டு மெட்ராஸுக்குப் போய், ஏதாவது ஒரு ரெக்கார்டிங் தியேட்டரில் சேர்ந்து, பாட்டுக்கு ஒலி சேர்க்கிற வேலை கற்றுக்கொள்ள வேண்டும். அதை அவன் மறைத்ததே இல்லை. சோறு தின்னும்போதுகூட அதையேதான் பேசுவான்.

தறி ஓடும் கொட்டகையில் பேச முடியாது. கையைக் காட்டலாம், வாயசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம், ரொம்ப அவசரமென்றால் காதோடு வாய் வைத்துக் கத்தலாம். அந்தச் சத்தத்தை ஜெயிப்பதற்கென்றே அண்ணன் பழைய ஸ்பீக்கர்களை வாங்கி வந்து இரண்டு பெட்டி செய்தான். டேப் ரெக்கார்டரை ஒரு பலகையில் வைத்துக் கம்பியால் கட்டினான். வீட்டில் பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் கொட்டகைக்குத்தான் வர வேண்டும். நான் ஒரு மூலையில், நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் நூல் சுற்றிக்கொண்டே கேட்பேன்.

முதல் ஆல்பம் அங்கே சக்கைப்போடு போட்டது. கிடார் வெட்டியது, டிரம் இடித்தது, பாடியவன் தொண்டை கிழியக் கத்தினான். எங்களிடம் வேலை பார்த்த மூத்த நெசவாளி ஒருவருக்கு இங்கிலீஷில் ஒரு எழுத்து தெரியாது, ஆனால் சாப்பிட்டு வந்ததும் என்னிடம் அதைத்தான் கேட்பார்.

"அந்தக் கத்தறவன போடு பாப்பா. நம்ம தறிக்குத் தோதா கத்துறான்."

அதற்கப்புறம் இரண்டாவது வந்தது. முதலாவதை ரெக்கார்டிங் கடையில் காலி கேசட்டில் பதிந்து வாங்கிய அண்ணன், இதை வேலூருக்குப் போய் ஒரிஜினலாகவே வாங்கி வந்தான். சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிடாத குறைதான். போட்டான். ஆரம்பத்தில் ஒரு இடி, எல்லோரும் நிமிர்ந்தோம். பிறகு ஒன்றுமில்லை. கேசட் சுற்றுகிறது, தறிகள் ஓடுகின்றன, பாட்டு மட்டும் இல்லை. வெகுநேரம் கழித்து எங்கிருந்தோ ஒரு கிடார் வந்து விழுந்தது. மறுபடியும் ஒன்றுமில்லை. பக்கத்தைத் திருப்பினால் அங்கேயும் அதே கதை.

மறுநாளே பஸ் ஏறிப் போய்க் கடைக்காரரிடம் மாற்றி வந்தான். கடைக்காரர் போட்டுக்கூடப் பார்க்கவில்லையாம். "இன்னொண்ணு எட்த்துகினு ஜல்தி கெளம்பு தம்பி" என்றாராம். இன்னொன்றும் அப்படியேதான் இருந்தது. அண்ணனுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"மொத ஆல்பம் ஜெயிச்ச திமிரும்மா. பாதி கேசட்ட காலியா வித்துட்டானுங்க. ஜனங்க இன்னா குடுத்தாலும் வாங்குவாங்கன்னு நெனப்பு."

போதாக்குறைக்கு, பழைய புத்தகக் கடையில் எனக்குக் கிடைத்த ஒரு இங்கிலீஷ் பத்திரிகையும் அந்த ஆல்பத்தைக் கிழித்திருந்தது. எழுதியவர் காதும் அண்ணன் காதும் ஒரே மாதிரி என்று எனக்கு அப்படியொரு பெருமை. கேசட் ஒரு பெட்டியின் அடியில் போய்ச் சேர்ந்தது.

நான் படித்து முடித்து, வேலூரில் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலைக்குப் போக ஆரம்பித்தேன். காலையும் மாலையும் கண்ணமங்கலம் வழியாக பஸ். ஒருநாள் பஸ்ஸுக்கு நேரமிருக்கிறதே என்று பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தவள், சும்மா அந்தக் குழுவைத் தேடிப் பார்த்தேன். தலை சுற்றிவிட்டது. அன்றைக்குக் கிழித்த உலகம் இப்போது அதே ஆல்பத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. காலத்துக்கு முன்னால் வந்ததாம். அதிலும் அந்த அமைதியான இடங்கள் இருக்கின்றனவே, அதுபோல் யாரும் செய்ததில்லையாம். நடுவில் ஒரு கிசுகிசுப்பு வருமாம், அதைக் கேட்டு அழுதவர்கள் உண்டாம்.

எந்தக் கிசுகிசுப்பு? எந்த அமைதி? நாங்கள் கேட்டது காலி கேசட் அல்லவா? இவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டு கதை விடுகிறார்களா, இல்லை எங்களுக்குத்தான் ஏதாவது தப்பிப்போனதா? ஒரு விஷயம் மண்டைக்குள் புகுந்துவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வீட்டுக்கு வந்ததும் பெட்டியைக் குடைந்து கேசட்டை எடுத்துவைத்தேன்.

அந்தச் சமயத்தில் வீடே அண்ணனைச் சுற்றித்தான் இயங்கிக்கொண்டிருந்தது. மைக் செட்காரர் மெட்ராஸில் ஒரு ரெக்கார்டிங் தியேட்டரில் சொல்லிவைத்திருந்தார், அவர்களும் தை பிறந்ததும் அவனை அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அம்மா புதுப் பை வாங்கிவிட்டாள். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, எங்கள் வீட்டில் அது சம்மதம். ஒரே ஒரு சின்னக் குறை. கொஞ்ச நாளாக அண்ணன் ஒலி வைக்கும் கல்யாணங்களில் ஜனங்கள் கூச்சலிட ஆரம்பித்திருந்தார்கள். காது கிழிகிறது, கீச்சென்று இருக்கிறது, சத்தத்தைக் குறை என்று. "இவுங்களோட பேஜாரும்மா. ஒழுங்கா வெச்சாலும் புடிக்காது" என்பான். எனக்கும் ஊர்க்காரர்கள் மேல்தான் எரிச்சல் வந்தது.

எங்கள் தெருவில் கைத்தறியானாலும் பவர்லூமானாலும் அமாவாசையன்று ஓடாது. அன்றைக்கு அண்ணன் பெரும்பாலும் ஏதாவது விசேஷத்துக்குப் பெட்டி கட்டப் போயிருப்பான், டேப் ரெக்கார்டரை யாரும் தொட மாட்டோம். தைக்கு முந்தைய அமாவாசையில் அவனுக்கு வேலை இல்லை, முன்கட்டில் படுத்திருந்தான். நான் கேசட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன்.

இடி விழுந்தது. அதன் பிறகு, எங்கள் ஒன்றுமில்லாத இடம் வந்தது. அங்கே மழை பெய்தது. மழைக்குள் யாரோ ஒரு பெண் வாய் திறக்காமல் முனகினாள். ஒரு ஆர்மோனியம் போன்ற வாத்தியம் மூச்சு விட்டது, துருத்தியின் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. பிறகு அந்தக் கத்துகிறவன் வந்தான். கத்தவில்லை. பக்கத்தில் தூங்குகிற குழந்தை எழுந்துவிடக் கூடாது என்பதுபோலப் பாடினான். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எங்களுக்குக் கேட்காமல் போனதற்குக் காரணம் தறிகள், அது சரி. தறியே பார்க்காத அந்தப் பத்திரிகைக்காரருக்கு ஏன் கேட்கவில்லை? முதல் ஆல்பத்தின் கத்தல் இன்னும் அவர் காதில் ஓடிக்கொண்டிருந்ததோ என்னவோ. அப்படி ஜெயித்தவர்கள் ஏன் இப்படிக் குரலை இறக்கினார்கள் என்றும் யோசித்தேன். ஊரே காது கொடுத்த பிறகுதான் ஒருவன் தைரியமாக மெதுவாகப் பேச முடியும் என்று தோன்றியது. திமிர் என்று அண்ணன் சொன்னதும் முழுக்கத் தப்பில்லை. நல்ல திமிர்.

ஓடிப்போய் அவனை இழுத்து வந்தேன். கேசட்டை முதலுக்குச் சுற்றிப் போட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். இடி விழுந்தது, சிரித்தான். மழை ஆரம்பித்தது. பெண் முனகினாள்.

"பாத்தியா," என்றான். "அதே காலி."

கிண்டல் செய்கிறான் என்று நினைத்து முதுகில் ஒன்று வைத்தேன். "நல்லா கேளுண்ணா."

"இன்னாத்த கேக்கறது? சத்தமே வரலியே." ஸ்பீக்கருக்குப் போகிற ஒயரை ஆட்டிப் பார்த்தான். பிறகு ஒலிக் குமிழைத் திருகினான். திருகிக்கொண்டே போனான். மழை கொட்டகையை அடைத்தது, முனகல் கூரையில் முட்டியது, நான் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டேன். அவன் முகம் அப்போதுதான் மலர்ந்தது. "தோ, வருது" என்று திரும்பியவன் என் கைகளைப் பார்த்தான்.

கொஞ்சம் குறைத்தான். "இப்ப கேக்குதா ஒனக்கு?"

"கேக்குது."

இன்னும் குறைத்தான். "இப்ப?"

"கேக்குதுண்ணா."

இல்லை என்று சொல்லிவிடத்தான் ஆசை. ஆனால் அவன் மைக் செட்டைச் சரிபார்க்கும்போது எப்படி நிற்பானோ அப்படி நின்றுகொண்டிருந்தான், அவனிடம் பொய் வரவில்லை. குமிழ் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது. பாட்டு என் காதில் நூலாக ஓடியது.

"இப்ப?"

கேட்கிறது என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

பலகையைப் பிடித்தபடி கேட்டான், "மழ எந்தப் பக்கம் பெய்யுது? லெஃப்டா ரைட்டா?" இடது பக்கம் என்றேன். பெண் குரல் எங்கே என்றான். நடுவில் என்றேன், கொஞ்சம் பின்னால் தள்ளி. "எக்கோ வெச்சிக்கிறானா?" எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டான்.

"நீ வெளிய போம்மா. முழுசா கேக்கணும்."

கதவைச் சாத்திக்கொண்டு ஒலியை முழுக்க ஏற்றினான். நான் கிணற்றடியில் நின்றேன். பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, அமாவாசையும் அதுவுமாக என்ன கூத்து என்றாள். அந்தக் கிசுகிசுப்பு தெருமுனை வரைக்கும் போய்க்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் முடிகிறவரை அவன் வெளியே வரவில்லை.

வந்தபோது கண் சிவந்திருந்தது. குரல் எப்போதும்போல உரக்கத்தான் இருந்தது. அது தறிக்காரர் வீட்டுப் பழக்கம் என்றே நாங்கள் இத்தனை நாளும் நினைத்திருந்தோம்.

"நல்ல ஆல்பம்மா. சூப்பரா பண்ணிக்கிறான். மெட்ராஸ்ல சொல்லிடணும், நான் வரலன்னு."

என்னைத் தாண்டிப் போய் முகம் கழுவ வாளியை எடுத்தான். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவன் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டு நின்றேன். அடைத்திருக்க வேண்டியதே இல்லை.