இரண்டு தட்டு

நான் வேலை பார்க்கிற செல்போன் கடைக்கு வருகிறவர்கள் கண்ணாடி மேசையை விரலால் இரண்டு முறை தட்டிக் கூப்பிட்டால், கையில் இருப்பதை நான் அப்படியே விட்டுவிடுகிறேன். இதுவரை மூன்று செல்போன்கள் விழுந்து உடைந்திருக்கின்றன. முதலாளி எனக்குக் கைநடுக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நடுக்கமெல்லாம் இல்லை, பயம்.

பெரம்பலூரில், மக்காச்சோள மூட்டை அடுக்கிவைத்திருந்த ஒரு பழைய தகரக் கொட்டகையில் நாங்கள் எட்டுப் பேர் பிரேசிலிய ஜுஜிட்சு பழகினோம். விழுந்து புரளும்போது பாய்க்கு அடியிலிருந்து சோளத் தூசி கிளம்பி எல்லாருக்கும் தும்மல் வரும். குத்து, உதை கிடையாது. தரையில் கட்டிப் புரண்டு, எதிராளியின் கையையோ கழுத்தையோ பூட்டுவதுதான் வித்தை. பூட்டில் மாட்டியவன் மற்றவன் உடம்பில் இரண்டு தட்டுத் தட்டினால், அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அந்த ஒரு நம்பிக்கையில்தான் நம் கழுத்தை அடுத்தவன் கையில் கொடுக்கிறோம்.

என் ஜோடி குன்னத்திலிருந்து பைக்கில் வருகிற எலக்ட்ரீஷியன். ஆள் என்னைவிட ஒல்லி, என்னைவிடக் கெட்டிக்காரன். அன்று சாயங்காலம் என்னை வரிசையாக நாலு முறை தட்டவைத்தான்.

"என்ன மாப்ள, பூட்டின வூட்டுக் கதவத் தட்டுற மாதிரி தட்டிக்கிட்டே இருக்க?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அடுத்த சுற்றில் அவன் இடது கை என் கால்களுக்கு நடுவே சிக்கியது. மணிக்கட்டை நெஞ்சோடு அணைத்துப் பின்னால் சாய்ந்தேன். அந்நேரம் பார்த்து மழை பிடித்துத் தகரத்தில் கொட்டியது.

என் தொடையில் இரண்டு தட்டு விழுந்தது. நான் விடவில்லை. கொஞ்சம் தவிக்கட்டும் என்று நினைத்தேன். அவன் முழங்கையில் ஏதோ அறுந்தது.

"மழ சத்தத்துல எதுவும் கேக்கலங்க," என்று பயிற்சியாளரிடம் சொன்னேன். தட்டைக் காதால் கேட்க வேண்டியதில்லை, உடம்புக்குத் தெரியும். அங்கிருந்த அத்தனை பேரும் அறிந்ததுதான் அது. அவனோ வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமாங்க, நான் லேசாத்தான் தட்டுனேன்," என்றான்.

அந்தக் கை அதன்பிறகு முழுசாக நிமிரவில்லை. ஏணியில் ஏறி ஃபேன் மாட்டுகிற வேலையை அவன் விட்டுவிட்டான். சுவிட்ச் போர்டு வேலை மட்டும் பார்க்கிறான்.

பல மாதம் கழித்து ஒருநாள் கொட்டகைக்கு வந்து, "வா மாப்ள," என்று என்னையே ஜோடிக்குக் கூப்பிட்டான். கொஞ்ச நேரத்தில் என் இடது கையைப் பூட்டினான். நான் தட்டவில்லை. என் கையும் போகட்டும், அதற்கப்புறமாவது நிம்மதியாகத் தூங்கலாம் என்றிருந்தது.

"தட்டுடா," என்றான். அப்போதும் தட்டவில்லை. அவனாகவே விட்டுவிட்டு எழுந்து உட்கார்ந்தான்.

"அன்னைக்கு நீ தட்டுனது எனக்குத் தெரிஞ்சுது," என்றேன்.

"தெரியும். தட்டுனதுக்கு அப்பறந்தான நீ இன்னும் இறுக்குன."

இத்தனை நாளும் வெறுமனே விடாமல் இருந்ததாகத்தான் நினைத்திருந்தேன். இறுக்கியது எனக்கு ஞாபகமே இல்லை.

ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ஜோடிகள் கை தொட்டுக்கொள்வது வழக்கம். அடுத்த சுற்றுக்காக, நிமிராத அந்தக் கையை அவன் என் முன்னால் நீட்டினான். அதைத் தொடப் பயந்து நான் உட்கார்ந்திருந்தேன்.